கதண்டு கொட்டினால் முதல் அரை மணி நேரம்: கொல்லையிலும் வயலிலும் வேலை பார்க்கிறவர்கள் வாருங்கள், பேசுவோம்

1. அரசலாற்றங்கரை

வணக்கம். கும்பகோணத்துக்குக் கிழக்கே அரசலாற்றுக் கரையில் வீடு. கொல்லையில் கொஞ்சம் வாழை, இரண்டு தென்னை, ஒரு முருங்கை. நேற்று சாயங்காலம் வாழைச் சருகு கழித்துக்கொண்டிருந்த அம்மாவைக் கதண்டு (கூட்டமாக வாழ்கிற பெரிய விஷக் குளவி) கொட்டிவிட்டது. புறங்கையில் ஒரு கொட்டு, முழங்கைக்குக் கீழே ஒரு கொட்டு. பக்கத்து வீட்டுப் பெரியம்மா உடனே சுண்ணாம்பு தடவிவிட்டார். ராத்திரி முழுக்க வலி. இன்று காலையில் பார்த்தால் விரலிலிருந்து முழங்கை வரை வீங்கிச் சிவந்திருக்கிறது, தொட்டால் சுடுகிறது. மூச்சுத்திணறல், வாந்தி, மயக்கம் எதுவும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறார், பேசுகிறார். வயது 61. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார்.

விஷம் ஏறுகிறதா, இல்லை கிருமி தொற்றிவிட்டதா? ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா? பக்கத்துத் திடலில் ஒரு பனையில் பெரிய கூடு தொங்குகிறது, அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். அதையும் என்ன செய்வது என்று சொல்லுங்கள்.

2. வெண்ணாற்று மருத்துவர்

முதல் காரியம், அம்மா கையில் மோதிரம், வளையல் இருந்தால் இப்போதே கழற்றிவிடுங்கள். சோப்பு நுரை போட்டும் வராவிட்டால் வெட்டியாவது எடுங்கள். வீக்கம் இன்னும் கூடலாம், விரலில் ரத்த ஓட்டம் தடைபட்டுவிடும்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது கொட்டிய கையோடு நிற்கிற வீக்கம். கதண்டு விஷத்துக்கு இப்படிப் பெரிதாக வீங்குவது உண்டு. முதல் 24 முதல் 48 மணி நேரம் வரை கூடிக்கொண்டே போகும், அப்புறம் நான்கைந்து நாளில் மெல்ல வடியும். ஒரே நாளில் சிவந்து சுடுவதைப் பார்த்துவிட்டு எல்லாரும் கிருமித் தொற்று என்று நினைத்து மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் தேவையில்லை. கையை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். வலிக்குப் பாரசிட்டமால், அரிப்புக்குச் செட்ரிசின் போதும். மூன்று நாள் கழித்து வீக்கம் புதிதாகக் கூடினாலோ, காய்ச்சலோ சீழோ வந்தாலோ அப்போது காட்டுங்கள். தடுப்பூசி போட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தால் டி.டி. ஊசி ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

இப்போது இந்த இழையைப் படிக்கிற எல்லாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எத்தனை பெரிய வீக்கம் என்பதை வைத்து ஆபத்தை அளக்காதீர்கள். கொட்டின இடத்தைத் தாண்டி உடம்பில் வேறு எங்கே என்ன நடக்கிறது என்பதைப் பாருங்கள். காலில் கொட்டியிருக்கும், ஆனால் வயிறு, முதுகு, கழுத்தெல்லாம் தடிப்பு தடிப்பாக எழும்பும். உதடும் நாக்கும் வீங்கும். தொண்டை அடைக்கிறது என்பார், குரல் கம்மும். இழுப்பு வரும். திடீரென்று வாந்தி, வயிற்று வலி. கண் இருட்டுகிறது, படபடக்கிறது என்று உட்கார்ந்துவிடுவார். இதில் எது வந்தாலும் ஒவ்வாமை அதிர்ச்சி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டிய சில நிமிடங்களிலிருந்து அரை மணிக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். உயிர் போகிறவர்களுக்கு அந்த நேரத்துக்குள்ளேயே போய்விடுவதும் உண்டு.

அதற்கு மருந்து ஒன்றே ஒன்றுதான்: அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்பக்க நடுத் தசையில் போட வேண்டும், பெரியவர்களுக்கு அரை மில்லி. சரியாகவில்லை என்றால் ஐந்து நிமிடத்தில் இன்னொரு தடவை. விலை மலிவான மருந்து, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கும். அவில் என்ற ஒவ்வாமை மருந்தும் ஸ்டீராய்டும் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், ஆனால் அடைக்கிற தொண்டையைத் திறக்காது, விழுகிற ரத்த அழுத்தத்தைத் தூக்காது. ஆகவே "ஊசி போட்டாச்சு" என்று நிம்மதி அடையாமல் என்ன ஊசி என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

108 வரும்வரை ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சு முட்டினால் மட்டும் சாய்ந்து உட்காரட்டும். நடக்க வைக்காதீர்கள், பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப் போகாதீர்கள். ரத்த அழுத்தம் விழுந்திருக்கும்போது நிமிர்த்தி உட்கார வைத்தாலே இதயம் நின்றுவிடலாம்.

3. ஒரத்தநாடு தென்னை

டாக்டர் சொன்னது பெரிய விஷயம். எங்கள் பக்கம் எல்லாரும் பைக்கில்தான் கொண்டு போகிறோம். இனிமேல் சொல்லி வைக்கிறேன்.

கூடு பற்றி நான் சொல்கிறேன். தம்பி, நீங்களாகக் கல்லெறிவதோ, பந்தம் கட்டிப் பிடிப்பதோ, பூச்சிமருந்து அடிப்பதோ வேண்டவே வேண்டாம். 101க்கு அடித்துத் தீயணைப்பு நிலையத்தில் சொல்லுங்கள், டெல்டாவில் அவர்களுக்கு இது பழகின வேலை. இருட்டின பிறகு, எல்லாம் கூட்டுக்குள் அடங்கின நேரம் பார்த்து வருவார்கள். மரம் யாருடையது, பக்கத்தில் கரண்டு கம்பி போகிறதா, வைக்கோல் போர் இருக்கிறதா என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் வரும்வரை மரத்துக்கு ஒரு சிவப்புத் துணியாவது கட்டி வையுங்கள், ஆடு மாடு மேய்க்கிறவர்களுக்குத் தெரியட்டும்.

தென்னை வைத்திருக்கிறவர்களுக்கு: காய் வெட்ட ஆள் ஏறுவதற்கு முன்னால் கீழே நின்று ஐந்து நிமிடம் அண்ணாந்து பாருங்கள். மட்டை இடுக்கில் ஒரே வழியாகப் பூச்சி போய்வந்துகொண்டே இருந்தால் ஏற்றக் கூடாது. கஜா புயலுக்குப் பிறகு எங்கள் பக்கம் பல தோப்புகளைக் கவனிக்க ஆள் இல்லை. காய்ந்த மட்டையும் பன்னாடையும் எடுக்காமல் அப்படியே தொங்குகின்றன. அந்த மாதிரி மரங்களில்தான் கூடு கண்ணில் படுவதில்லை. நாற்பதடி உயரத்தில் கொட்டு வாங்குகிறவர் விஷத்தால் சாக வேண்டியதில்லை, கைநழுவி விழுந்தாலே போதும். காய் வெட்டுகிற அண்ணன்மாருக்குக் கூலி பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

4. பெரியகோவில் தெரு

எல்லாம் சரி. ஆனால் அந்தப் பெரியம்மா தடவின சுண்ணாம்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே, அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. எங்கள் தாத்தா காலத்திலிருந்து கதண்டு, தேனீ, தேள் எதுவானாலும் வெற்றிலைச் சுண்ணாம்புதான். குளவி விஷம் புளிப்பு, சுண்ணாம்பு காரம், ஒன்றையொன்று முறித்துவிடும் என்பார். ஒருவரும் சாகவில்லை.

5. வெண்ணாற்று மருத்துவர்

ஐயா, உங்கள் தாத்தா பொய் சொல்லவில்லை, அவர் பார்த்தது அப்படித்தான் இருந்திருக்கும். ஒன்றிரண்டு கொட்டு வாங்கினவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எதைத் தடவினாலும், தடவாவிட்டாலும் சரியாகிவிடும். அதனால் எதைத் தடவினோமோ அதற்குப் பேர் கிடைத்துவிடுகிறது.

ஆனால் விஷம் தோலுக்கு அடியில் போய்விட்டது, மேலே பூசுவது அங்கே எட்டாது. எட்டினாலும் பயனில்லை. விஷத்தில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவது அதன் புளிப்போ காரமோ அல்ல, அதிலுள்ள புரதங்களும் ஹிஸ்டமின் போன்ற பொருள்களும்தான். எரிச்சல் அடங்குவது ஈரத்தின் குளிர்ச்சியால். அதற்குக் குளிர்ந்த தண்ணீரே போதும். சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கும், முகத்தில் தடவி கண்ணில் பட்டால் பார்வையே கெடும்.

என் பெரிய வருத்தம் வேறு. சுண்ணாம்பு தடவியாச்சு, மந்திரிச்சாச்சு என்று வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த அரை மணி நேரம் இருக்கிறதே, அட்ரினலின் வேலை செய்ய வேண்டிய நேரம் அதுதான். மந்திரிக்க வேண்டும் என்று மனசு சொன்னால் ஆஸ்பத்திரி வாசலில் மந்திரிக்கட்டும், நான் தடுக்க மாட்டேன்.

6. மன்னார்குடி மாடித்தோட்டம்

எனக்கு ஒரு சந்தேகம் டாக்டர். எங்கள் மாடியில் தொட்டிகளுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி மூடிக்கு அடியில் குளவி கூடு கட்டுகிறது. சிலது மண்ணால் கட்டுகிறது, சிலது காகிதம் மாதிரி. பின்பக்கத்து வேப்பமரத்தில் பெருந்தேனீ அடை வேறு. எதற்குப் பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம்? வீட்டில் ஆறு வயதுப் பையன் இருக்கிறான்.

7. ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், திருவாரூர்

இதற்கு நான் பதில் சொல்கிறேன் அம்மா.

சுவரிலும் கதவிடுக்கிலும் மண்ணால் கூடு கட்டுவது தனியாக வாழ்கிற குளவி. புழுவையோ சிலந்தியையோ மயக்கிக் கொண்டுவந்து உள்ளே அடைத்து முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். கூட்டைக் காக்கப் படை கிடையாது. கையில் பிடித்து நசுக்கினால் ஒழிய கொட்டாது. விட்டுவிடுங்கள்.

காகிதக் கூட்டில் அறைகள் வெளியே தெரிய, சிறிதாகத் தொங்குவது காகிதக் குளவி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகள் உட்கார்ந்து ஆராய்ந்தது நம் வீட்டுத் தாழ்வாரங்களில் காணும் இந்த வகையைத்தான். கூட்டமாக இருக்கும், ஆனால் சில பத்துக்கள்தான். பையன் கை எட்டுகிற உயரத்தில் இருந்தால் எடுக்கச் சொல்லலாம், எட்டாத இடத்தில் இருந்தால் இருக்கட்டும். கத்தரிக்காயிலும் வெண்டையிலும் புழு பொறுக்குகிற ஆள் அது.

உருண்டையாக, மேலே காகித உறை மூடி, ஒரே ஒரு வாசல் வைத்திருந்தால் கதண்டு. கறுப்பு உடம்பில் வயிற்றின் குறுக்கே ஆரஞ்சு மஞ்சளில் பட்டை ஓடும். அதற்கும் பெருந்தேனீக்கும் நீங்கள் ஒதுங்கித்தான் போக வேண்டும். கூட்டு மரத்தைத் தட்டுவது, அடியில் புகை போடுவது, பக்கத்தில் புல்வெட்டும் இயந்திரம் ஓட்டுவது, இவை மூன்றும்தான் பெரும்பாலும் கிளப்பிவிடும். ஒன்றை நசுக்கினால் அதிலிருந்து கிளம்புகிற வாசனை மற்றவற்றை அழைக்கும். அதனால் மேலே உட்கார்ந்ததை அடிக்காதீர்கள். கிளம்பிவிட்டால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஓட வேண்டியதுதான், கதவடைத்த அறைக்குள் போகும்வரை நிற்கக் கூடாது. குளத்தில் குதிப்பார்கள், வேண்டாம். தலையை எடுக்கும்வரை மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

கதண்டு வீட்டோரமாகக் கூடு கட்டினால் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஆள் நடமாட்டமே இல்லாத ஆற்றுப் படுகைக் கோடியில் இருப்பதையும் தேடித் தேடிக் கொளுத்துவதில் எனக்குச் சம்மதமில்லை. பயிர்ப் புழுக்களை நிறையத் தின்கிற பிராணி அது.

8. வெண்ணாற்று மருத்துவர்

ஐயா சொன்னதோடு இன்னொன்று. தேனீயின் கொடுக்கில் முள் உண்டு, அது தோலிலேயே தங்கிவிடும், விஷப்பையும் கூடவே ஒட்டிக்கொண்டு உள்ளே செலுத்திக்கொண்டே இருக்கும். நகத்தால் சுரண்டினாலும் சரி, விரலால் பிடுங்கினாலும் சரி, உடனே எடுங்கள். "பிடுங்கினால் பிதுங்கும், அட்டையால் வழித்துத்தான் எடுக்க வேண்டும்" என்று சொல்வார்கள். 1996ல் கலிபோர்னியாவில் இதைச் சோதித்துப் பார்த்தபோது எடுக்கிற முறையால் வித்தியாசமில்லை, தாமதம்தான் வீக்கத்தைக் கூட்டியது என்று தெரிந்தது. கதண்டும் குளவியும் கொடுக்கை விட்டுவிட்டுப் போகாது, அதனால்தான் ஒன்றே திரும்பத் திரும்பக் கொட்ட முடிகிறது. இல்லாத கொடுக்கைத் தேடிக் கிண்டாதீர்கள்.

பையனிடம் சொல்லி வையுங்கள், திறந்து வைத்த இளநீரையும் ஜூஸையும் பார்க்காமல் குடிக்கக் கூடாது. வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினால் ஒவ்வாமை இல்லாதவருக்கும் அந்த வீக்கமே மூச்சை அடைத்துவிடும்.

9. நூறு நாள் வேலை பொறுப்பாளர்

நானும் எழுத வேண்டும் என்று தோன்றியது. நாகப்பட்டினம் பக்கம் ஒரு ஊராட்சியில் பணித்தளப் பொறுப்பாளராக இருக்கிறேன். வடிகால் வாய்க்காலில் நெய்வேலி காட்டாமணக்கு வெட்டிக்கொண்டிருந்தபோது புதருக்குள் இருந்த கூடு கலைந்து பெண்களைக் கொட்டிவிட்டது. ஒரு அக்காவுக்குத் தலை, கழுத்து, முதுகு என்று எண்ண முடியாத கொட்டு. தடிப்பு இல்லை, மூச்சுத்திணறல் இல்லை. ஒரு இடத்தில் ஊசி போட்டு, பயமில்லை என்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி என்றார். அதற்கடுத்த நாள் ஒன்றுக்குப் போனால் கறுப்புக் காபி நிறத்தில் வருகிறது. அப்புறம் ஒன்றுமே வரவில்லை. மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போய், கிட்னி வேலை செய்யவில்லை என்று டயாலிசிஸ் செய்தார்கள். சில வாரம் ஆனது, பிழைத்துவிட்டார். இப்படி ஆகும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. டாக்டர், இது எதனால்?

10. வெண்ணாற்று மருத்துவர்

அக்கா பிழைத்தது பெரிய ஆறுதல். இதை எழுதியதற்கு நன்றி, இந்த இழையில் இதுதான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

நான் மேலே சொன்னது ஒவ்வாமை. அதற்கு ஒரே ஒரு கொட்டு போதும். இது வேறு, இது விஷத்தின் அளவால் வருவது. நிறையக் கொட்டு விழும்போது விஷம் தசை நார்களையும் ரத்தச் சிவப்பணுக்களையும் உடைக்கிறது. உடைந்ததிலிருந்து வருகிற நிறமிகள் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைக்கின்றன. ஒன்று முதல் மூன்று நாளுக்குள் சிறுநீர் பழுப்பாகி, குறைந்து, நின்றுவிடும். முதல் நாள் ஆள் நன்றாக இருப்பதுதான் ஏமாற்றுவது.

ஆகவே நிறையக் கொட்டு வாங்கினவரை, அதிலும் குழந்தை, வயதானவர், ஏற்கெனவே சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர் என்றால், ஆள் தெம்பாக இருந்தாலும் உள்நோயாளியாகச் சேருங்கள். நரம்பில் திரவம் ஏற்றி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும், தசை உடைவதைக் காட்டும் தசை நொதியும் ரத்தத்தில் எவ்வளவு என்று திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பிவிட்டால் மூன்று நாள் சிறுநீரின் நிறத்தையும் அளவையும் கவனியுங்கள். நிறம் மாறினால் அன்றைக்கே டயாலிசிஸ் வசதி உள்ள இடத்துக்குப் போய்விடுங்கள். சீக்கிரம் போனால் சிறுநீரகம் பெரும்பாலும் தேறிவிடும். கதண்டுக்கென்று விஷமுறிவு மருந்து நம்மிடம் கிடையாது. பாம்புக்கடி மருந்தை இதற்குப் போட்டுப் பயனில்லை.

11. வெற்றிலைக் கொடிக்கால்

ராஜகிரி பக்கத்திலிருந்து. கொடிக்காலில் எங்களுக்குத் தேள்தான் தொல்லை. கீற்றையும் ஓலையையும் புரட்டினால் அடியில் கிடக்கும். சிவப்புத் தேள் கொட்டினால் என்ன செய்வது? அதற்கும் அட்ரினலினா?

12. வெண்ணாற்று மருத்துவர்

இல்லை அண்ணே, அங்கே கதையே வேறு. சிவப்புத் தேளின் விஷம் உடம்பையே அட்ரினலினைக் கொட்டித் தள்ள வைக்கும். வியர்வை ஊற்றும், வாந்தி வரும், கைகால் சில்லிடும், இதயம் தாறுமாறாக அடிக்கும், அப்புறம் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். குழந்தைகளுக்கு உயிராபத்து. அதற்குப் பிரசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரை. மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற சிற்றூரில் இருந்துகொண்டு கிராமத்து நோயாளிகளிடம் இதைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவர் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர். 2022ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஊர்ப்புறத்து மருத்துவர்களுக்கும் எனக்கும் தைரியம் கொடுக்கிற பேர் அது.

கொட்டினது எது என்று தெரிந்தால் சொல்லுங்கள், அடித்துப்போட்டிருந்தால் கைபேசியில் படம் எடுத்து வாருங்கள். வியர்வையும் வாந்தியும் இருந்தால் தாமதிக்காமல் கிளம்புங்கள். வலி மட்டும் என்றால் கொட்டின இடத்தில் மரத்துப்போகிற ஊசி போட்டாலே அடங்கும். இருந்தாலும் சில மணி நேரம் கண்காணிப்பில் இருப்பது நல்லது.

13. அரசலாற்றங்கரை

இதையெல்லாம் படித்துவிட்டு இன்னொன்று கேட்கத் தோன்றுகிறது. அம்மாவுக்கு இந்தத் தடவை ஒவ்வாமை வரவில்லை. அடுத்த தடவையும் வராது என்று நம்பலாமா? ரத்த அழுத்த மாத்திரையால் ஏதாவது உண்டா?

14. வெண்ணாற்று மருத்துவர்

நம்பி இருந்துவிட முடியாது. முதல் கொட்டில் உடம்பு விஷத்தை அடையாளம் கண்டு வைத்துக்கொள்கிறது, பிறகு வருகிற கொட்டில்தான் பலருக்கு அதிர்ச்சி வருகிறது. ஆனால் கையோடு நின்ற வீக்கம் வந்தவர்களில் மிகச் சிலருக்குத்தான் அப்படி ஆகும். அம்மா பயந்துபோய்க் கொல்லைக்கே போகாமல் இருக்க வேண்டாம்.

மாத்திரை அட்டையைப் பாருங்கள். அட்டினோலால், மெட்டோப்ரோலால் மாதிரி "லால்" என்று முடிகிற மாத்திரையாக இருந்தால் அட்ரினலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கொட்டு வாங்கிப் போகும்போது மாத்திரைப் பெயரைச் சொல்லுங்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒரு தடவை உடம்பு முழுக்கத் தடிப்போ மயக்கமோ வந்தவர் என்றால் ஒவ்வாமை நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும். வெளிநாட்டில் பேனா மாதிரி தாமே குத்திக்கொள்ளும் அட்ரினலின் தருகிறார்கள், நம் ஊர் மருந்துக்கடையில் அது எளிதில் கிடைப்பதில்லை. மருந்தை வீட்டில் வைத்திருப்பதா, யார் போடுவது என்பதை உங்கள் மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

15. நூறு நாள் வேலை பொறுப்பாளர்

திங்கட்கிழமை எங்கள் ஊராட்சியில் மறுபடி வாய்க்கால் வேலை. புதரை வெட்டுவதற்கு முன் தள்ளி நின்று நீளக் கழியால் ஒரு தடவை அசைத்துப் பார்க்கச் சொல்லப் போகிறேன். வேறு என்ன செய்து வைக்கலாம்?

16. வெண்ணாற்று மருத்துவர்

கழியால் அசைக்காதீர்கள், கூடு இருந்தால் அதுவே கிளப்பிவிடும். கையைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் பாருங்கள், ஒரத்தநாட்டு அண்ணன் சொன்ன மாதிரி ஒரே தடத்தில் போய்வருகிறதா என்று. போய்வந்தால் அன்றைக்கு அந்த இடத்தை விட்டுவிட்டு 101க்குச் சொல்லுங்கள். பூ வைத்துக்கொண்டு, கறுப்புச் சேலை கட்டிக்கொண்டு வர வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இன்றைக்கே போய் மூன்று கேள்வி கேளுங்கள்: அட்ரினலின் இருப்பு இருக்கிறதா, காலாவதி தேதி என்ன, மருத்துவர் இல்லாத நேரத்தில் போட யாருக்கு உத்தரவு இருக்கிறது. பதிலைப் பணித்தளப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்த நிலையத்தில் சாயங்காலத்துக்கு மேல் ஆள் இல்லை என்றால் அடுத்து எங்கே போவது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.